‘லைட் டியூட்டி’ என்று மட்டும் எழுதி வாங்காதீர்கள்

கேள்வி:

எனக்கு வயது 38. கிள்ளான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவேன். ஆள் குறைந்தால் கையால் பெட்டி ஏற்றி இறக்குவதும் உண்டு. ஒரு வாரம் காலை 8 முதல் இரவு 8 வரை, மறு வாரம் இரவு 8 முதல் காலை 8 வரை என்று ஷிப்ட் மாறி மாறி வரும்.

இரண்டு கிட்னியும் பழுதாகி மூன்று வருடம் டயாலிசிஸ் செய்தேன். அப்போதும் வேலையை விடவில்லை. நான்கு மாதத்துக்கு முன் என் அக்கா தன் சிறுநீரகத்தில் ஒன்றைக் கொடுத்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கிரியேட்டினின் 118க்கு வந்து அங்கேயே நிற்கிறது. உடம்பில் பழைய தெம்பு வந்துவிட்டது, வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை.

எம்.சி. எல்லாம் தீர்ந்து இப்போது சம்பளமில்லாத விடுப்பில் இருக்கிறேன். போன மாதம் டாக்டர் ‘லைட் டியூட்டி செய்யலாம்’ என்று எழுதிக் கொடுத்தார். அதைக் கம்பெனியில் காட்டினால், “இங்கே லைட் டியூட்டி என்று ஒரு வேலையே இல்லை. நீங்களாக ராஜினாமா கொடுத்தால் நல்ல சர்டிபிகேட் தருகிறோம், இல்லாவிட்டால் மெடிக்கல் போர்ட் அவுட்தான்” என்கிறார் எச்.ஆர். அதிகாரி. டைப் செய்த ராஜினாமா கடிதத்தையும் கையில் கொடுத்துவிட்டார். “சொக்சோவில் ஈலாட் பென்ஷனுக்குப் போட்டுவிட்டு வீட்டில் இரு” என்கிறான் நண்பன். ஒரு வருடத்துக்கு வாசல் தாண்டக் கூடாது என்கிறார் அம்மா. வேறு கம்பெனிக்குப் போனால் ஆபரேஷன் விஷயத்தைச் சொல்ல வேண்டுமா? அக்கா பிரிக்பீல்ட்ஸில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறார். ஆறு வாரத்தில் திரும்பிப் போய்விட்டார். ஆனால் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறாரே, ஒற்றைக் கிட்னிக்கு ஆகுமா என்று எனக்கு உறுத்துகிறது.

பின்குறிப்பு: ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் நான் பத்துமலையில் காவடி எடுப்பதாக அம்மா வேண்டிக்கொண்டிருக்கிறார். எடுக்கலாமா?

— வாசகர், கிள்ளான்

பதில்:

தம்பி, உடனே சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். “டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன்” என்று சொல்லிவிட்டு நாளைக் கடத்துங்கள்.

ஏன் என்று கேட்பீர்கள். கம்பெனி உங்களை நீக்கினால், நியாயமான காரணம் இல்லாமல் நீக்கினார்கள் என்று 1967ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டம் 20ஆம் பிரிவின் கீழ் நீங்கள் முறையிடலாம். வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழில் உறவுத் துறைக்கு, அதாவது ஜபாத்தான் பெர்ஹுபுங்கான் பெருசாஹானுக்கு, மனு போக வேண்டும். நீங்களாக எழுதிக் கொடுத்துவிட்டால் கதை வேறு. ‘வற்புறுத்தி வாங்கினார்கள்’ என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். கூடவே, விருப்பப்பட்டு விலகியவருக்கு சொக்சோவின் வேலைக் காப்புறுதித் திட்டத்தில் ஒரு காசும் கிடைக்காது. அவர்கள் தருவதாகச் சொல்லும் நல்ல சர்டிபிகேட்டுக்கு இது ரொம்ப அதிக விலை.

‘போர்ட் அவுட்’ என்ற மிரட்டலையும் பார்ப்போம். உடல்நலக் காரணத்துக்காக ஒருவரை வேலையிலிருந்து நிறுத்தவே முடியாது என்று நம் நாட்டில் சட்டம் இல்லை. நிறுத்தலாம். ஆனால் தொழில் நீதிமன்றத்துக்கு விவகாரம் போனால் அங்கே கேட்கும் கேள்விகள் உண்டு. மருத்துவக் கருத்து முறையாகக் கேட்கப்பட்டதா, தேறி வர நியாயமான அவகாசம் கொடுக்கப்பட்டதா, வேறு வேலை ஏதும் தர முடியுமா என்று பார்த்தார்களா, தொழிலாளியிடம் பேசினார்களா? உங்கள் விஷயத்தில் இதுவரை நடந்தது ஒரே ஒரு உரையாடலும் ஒரு டைப் செய்த கடிதமும்தான். அனுபவமுள்ள எச்.ஆர். அதிகாரிக்கு இது தெரியாமல் இருக்காது. தெரிந்துதான் ராஜினாமா கேட்கிறார்.

விடுப்புக் கணக்கையும் ஒருமுறை சரிபாருங்கள். ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு ஓர் ஆண்டில் 22 நாள் நோய் விடுப்பு, அதற்கு மேல் மருத்துவமனை விடுப்பு 60 நாள், இரண்டும் சம்பளத்தோடு. முன்பெல்லாம் இரண்டும் சேர்த்தே 60 நாள்தான். 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்துதான் தனித்தனியாக ஆனது. பல கம்பெனிகளில் பழைய கணக்கே இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னொன்றும் உண்டு. மருத்துவமனைப் படுக்கையில் கிடந்த நாள்தான் மருத்துவமனை விடுப்பு என்று நினைக்க வேண்டாம். படுக்க வேண்டிய அளவு நோய் என்று டாக்டர் சான்று கொடுத்துவிட்டால், வீட்டில் இருந்தாலும் அந்த நாள்கள் அதே கணக்கில்தான் சேரும். இந்தக் கணக்கு காலண்டர் ஆண்டுக்கு உரியது என்பதால், உங்கள் நான்கு மாதத்துக்கு நடுவே புது வருடம் பிறந்திருந்தால் கணக்கும் புதிதாகப் பிறந்திருக்கும்.

இப்போது அந்த ‘லைட் டியூட்டி’க்கு வருகிறேன். இதில் பாதிப் பழி எங்கள் பக்கம். கிளினிக்கில் ஒரு காலை நேரத்தில் எத்தனையோ பேரைப் பார்க்கிறோம். ஒருவர் வேலைக்குப் போக வேண்டும் என்றதும் கை தானாக அந்த இரண்டு வார்த்தையை எழுதிவிடுகிறது. அந்த இரண்டு வார்த்தையால் யாருக்கும் பயன் இல்லை. கிடங்கில் எது லைட், எது ஹெவி என்று டாக்டருக்குத் தெரியாது. உங்கள் வயிற்றில் தையல் எங்கே, எவ்வளவு ஆறியிருக்கிறது என்று எச்.ஆருக்குத் தெரியாது. அதனால் அவர் தன் பட்டியலைப் பார்க்கிறார், ‘லைட் டியூட்டி’ என்ற பதவி அதில் இல்லை, ஃபைலை மூடுகிறார். ஒரு வகையில் அவர் சொன்னதும் உண்மைதான், அப்படி ஒரு வேலை எந்தக் கம்பெனியிலும் இல்லை.

ஆகவே அடுத்த கிளினிக் நாளுக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரு தாளில் உங்கள் ஒரு நாள் வேலையை எழுதுங்கள். எத்தனை மணி நேரம் வண்டியில் உட்கார்ந்திருப்பீர்கள், கையால் தூக்கும் பெட்டி எத்தனை கிலோ, ஒரு ஷிப்டில் ஏறக்குறைய எத்தனை பெட்டி, கொள்கலனுக்குள் எவ்வளவு நேரம், கழிப்பறை எவ்வளவு தூரம், குடிநீர் எங்கே இருக்கிறது. அதை டாக்டர் மேசையில் வைத்து, “இதில் எது முடியும், எது முடியாது, எந்தத் தேதி வரை என்று எழுதித் தாருங்கள் டாக்டர்” என்று கேளுங்கள். நல்ல கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“இவர் இந்தத் தேதியிலிருந்து பகல் நேரத்தில் முழு நேர வேலை செய்யத் தகுதியானவர். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டலாம். கையால் தூக்கும் எடை இன்ன தேதி வரை 10 கிலோவுக்கு மேல் வேண்டாம். இன்ன மாதம் வரை இரவு ஷிப்ட் வேண்டாம். வேலை நேரத்தில் தண்ணீர் குடிக்கவும் கழிப்பறை செல்லவும் தடை இருக்கக் கூடாது. மாதத்தில் இத்தனை காலை வேளைகள் ரத்தப் பரிசோதனைக்கு வர வேண்டும். இன்ன தேதியில் மறுபடி பார்த்து இந்த வரம்புகளைத் திருத்துவோம்.”

எண்களையும் தேதிகளையும் உங்கள் டாக்டர் நிரப்பட்டும், அவருக்குத்தான் உங்கள் உடம்பு தெரியும். முதல் வரியில் ‘தகுதியானவர்’ என்று இருப்பதைக் கவனியுங்கள். கடைசி வரியில் மறுபார்வைத் தேதி இருக்கிறது. தடைகள் நிரந்தரமானவை என்றால் முதலாளி பயப்படுவார். ஆறு மாதத்தில் மாறும் என்றால் கணக்குப் போட்டுப் பார்ப்பார். நோயின் பெயர், மருந்துகளின் பெயர், கிரியேட்டினின் எதுவும் அந்தக் கடிதத்தில் வேண்டியதில்லை. உடல்நலத் தகவலுக்கு 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் கூடுதல் பாதுகாப்பு இருக்கிறது. உங்கள் ஃபைல் கிடங்கு முழுக்கச் சுற்ற வேண்டிய அவசியமில்லை.

கடிதம் கைக்கு வந்ததும் இரண்டு வேலை செய்யுங்கள். ஒன்று, அதை இணைத்து, பகல் ஷிப்ட் மட்டும் வேண்டும் என்று எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். வேலை நேரத்தையும் நாளையும் மாற்றிக் கேட்கும் உரிமையை 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் புதிதாகச் சேர்ந்த 60பி, 60கியூ பிரிவுகள் கொடுக்கின்றன. முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கேட்டதைக் கொடுத்தே தீர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, அந்த மயக்கம் வேண்டாம். ஆனாலும் வாய்ப்பேச்சு காகிதமாக மாறிவிடும், அது பெரிய காரியம்.

இரண்டாவது, கிள்ளானில் இருக்கும் சொக்சோ அலுவலகத்துக்குப் போய் ‘ரிட்டர்ன் டு வொர்க்’ திட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். மலாயில் பெர்கேசோ என்றாலும் நமக்கு அது சொக்சோதான். 2007 முதல் இந்தத் திட்டம் நடக்கிறது. உங்களுக்கென்று ஓர் அதிகாரி நியமிக்கப்படுவார். அவர் டாக்டரோடும் பேசுவார், முதலாளியோடும் பேசுவார், வேலையிடத்தில் என்ன மாற்றம் செய்யலாம் என்று பார்ப்பார். பழைய இடம் ஒத்துவராவிட்டால் வேறு வேலை தேடவும் உதவுவார். கம்பெனிக்கு ஒரு தொழிலாளி தனியாக வந்து பேசுவதும், சொக்சோ அதிகாரி ஒருவர் தொலைபேசியில் கூப்பிடுவதும் ஒன்றாக இருக்காது. நம்மில் பலருக்கு சொக்சோ என்றால் பென்ஷனும் விபத்துப் பணமும்தான் ஞாபகத்துக்கு வருகிறது. இந்தக் கதவைத் தட்டுகிறவர்கள் குறைவு.

நண்பர் சொன்ன ஈலாட் பென்ஷன் உங்களுக்குப் பொருந்தாது என்றே நினைக்கிறேன். குணமாகாத நிரந்தர நோயால் அல்லது ஊனத்தால், ஓர் ஆரோக்கியமான தொழிலாளி வழக்கமாகச் சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட இனிச் சம்பாதிக்க முடியாது என்பவருக்கு அது. ஜெமாஆ டாக்டர் எனப்படும் மருத்துவக் குழு பார்த்து முடிவு செய்யும். 118இல் நிற்கும் கிரியேட்டினினோடும் ‘சும்மா உட்கார முடியவில்லை’ என்ற கடிதத்தோடும் போனால் குழு என்ன சொல்லும்? கிடைத்தாலும் பென்ஷன் சராசரிச் சம்பளத்தில் 50 முதல் 65 விழுக்காடு வரைதான். நாளைக்கு உண்மையிலேயே உடம்பு முடியாமல் போனால் அந்த உரிமை உங்களுக்கு இருக்கிறது. அதற்குச் சந்தா விடாமல் கட்டியிருக்க வேண்டும், அதற்கும் வேலையில் இருப்பதுதான் வழி. கிராப் ஓட்டப் போய்விடலாம் என்று யோசிப்பவர்களுக்கும் இதைச் சொல்லிவைக்கிறேன். சுயதொழில் செய்பவர்களுக்கான 2017ஆம் ஆண்டின் சொக்சோ திட்டம் வேலை விபத்துக்குத்தான் காப்பு, ஈலாட் அதில் இல்லை.

சரி, கிடங்குக்கே திரும்பலாமா? என் பதில், திரும்பலாம், ஆனால் சிலவற்றைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும்.

அக்கா கொடுத்த சிறுநீரகம் முதுகுப் பக்கம் விலா எலும்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கவில்லை. அடிவயிற்றில் இடுப்பெலும்புக்கு உட்புறம், தோலுக்குச் சற்றுக் கீழேயே இருக்கிறது. கை வைத்தால் தட்டுப்படும். கிடங்குகளில் பளு தூக்குகிறவர்கள் இடுப்பில் இறுக்கிக் கட்டும் அகலப் பட்டையைப் பார்த்திருப்பீர்கள். சரியாக அந்த இடத்தில்தான் அது அழுத்தும். அதைக் கட்டாதீர்கள். ஃபோர்க்லிஃப்டின் சீட் பெல்ட்டை மட்டும் கழற்றவே கூடாது. இடுப்பெலும்பின் மேல் தாழ்வாகப் படியும்படி மாட்டுங்கள், உறுத்தினால் நடுவில் மெல்லிய துணி வைத்துக்கொள்ளலாம். பெட்டியை வயிற்றில் சாய்த்து அணைத்துத் தூக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விட வேண்டும். டயாலிசிஸுக்காகக் கையில் போட்ட ஃபிஸ்டுலா இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அந்தக் கையில் இறுக்கமான கடிகாரப் பட்டையோ கையுறைப் பட்டியோ வேண்டாம்.

நோயெதிர்ப்பைக் குறைக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். ரத்தத்தில் அதன் அளவு கூடினால் விரல் நடுங்கும். தேநீர்க் கிளாஸைப் பிடிக்கும்போதே தெரிந்துவிடும். நடுக்கம் இருக்கும் நாளில் ஃபோர்க்லிஃப்டில் ஏறாதீர்கள், கிளினிக்குக்குப் போன் செய்யுங்கள். ஸ்டீராய்டாலும் டாக்ரோலிமஸாலும் சிலருக்குப் புதிதாக இனிப்பு நீர் வருவதுண்டு. இன்சுலின் போடுகிறவர் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுவிட்டு வண்டி ஓட்டினால் தலை சுற்றிவிடும்.

மருந்து நேரத்தில்தான் உங்கள் ஷிப்ட் உபத்திரவம் செய்யும். 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை என்றால் பெரும்பாலோர் 8, 8 என்று வைத்துக்கொள்கிறார்கள். உங்களுக்கு 8 மணிதான் ஷிப்ட் மாறும் நேரம். பஞ்ச் கார்டு, வண்டி ஒப்படைப்பு, நெரிசல் எல்லாம் அப்போதுதான். மருந்து மறந்து போக இதைவிட நல்ல நேரம் கிடையாது. டாக்டரைக் கேட்டு 6, 6 அல்லது 10, 10 என்று மாற்றிக்கொள்ள முடியுமா பாருங்கள். நாளைக்கு ஒரு தடவை மட்டும் சாப்பிடும் வகையும் இருக்கிறது. ரத்தம் எடுக்கும் நாளில் காலை மாத்திரையைச் சாப்பிடாமல் பையில் எடுத்துப் போக வேண்டும், ரத்தம் கொடுத்த பிறகுதான் வாயில் போட வேண்டும். இல்லாவிட்டால் அளவு தப்பாகக் காட்டும், டாக்டர் டோஸைக் குறைத்துவிடுவார், அதிலிருந்து வேறு வினை. இரவு ஷிப்ட் வாழ்நாள் முழுக்கக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். முதல் ஆறு மாதம் ஒரு வருடம், நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்தின் அளவு நிலைக்கு வரும்வரை, பகலிலேயே இருப்பது நல்லது.

கிடங்கு என்றால் எலி இருக்கும், தம்பி. எலியின் சிறுநீரில் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நல்ல சிறுநீரகத்தையே கெடுக்கும். அட்டைப் பெட்டியைத் தொடும்போது கையுறை போடுங்கள், கையில் வெட்டுக்காயம் இருந்தால் மூடிக்கட்டுங்கள், பசியாறப் போகுமுன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பூஞ்சை படிந்த பழைய சரக்கைப் பிரிக்கும் வேலையை வேறு ஒருவருக்கு விடுங்கள். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவும் கிள்ளானும் எப்படிக் கிடந்தன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படி ஒரு வெள்ளம் மறுபடி வந்து கிடங்கைக் கழுவ எல்லாரையும் கூப்பிட்டால், நீங்கள் போகக் கூடாது. வடிகால் சுத்தம் செய்யும் கோத்தோங் ரோயோங்கும் அப்படியே. நண்பர்கள் கேலி செய்தால் செய்யட்டும். தகரக் கூரைக்கடியில் வேர்த்து ஊற்றும்போது தண்ணீர் பாட்டில் வண்டியிலேயே இருக்க வேண்டும். டயாலிசிஸ் காலத்தில் தண்ணீரை அளந்து குடித்தே பழகிய நாக்கு உங்களுடையது. இப்போது நிலைமை தலைகீழ், உடம்பு வறண்டால் புதுக் கிட்னிக்குத்தான் அடி. சாப்பாட்டில் கோப்பிக்கடை அரைவேக்காட்டு முட்டை, பச்சைத் தவ்கே இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். பம்பளிமாஸ் என்றைக்குமே வேண்டாம், டாக்ரோலிமஸ் அளவை எகிற வைத்துவிடும். நட்சத்திரப் பழத்தையும் தொடாதீர்கள்.

இதையெல்லாம் விட நான் அதிகமாகப் பயப்படுவது கம்பெனியின் பேனல் கிளினிக்கைப் பார்த்துத்தான். முதுகு பிடித்துக்கொண்டது என்று போவீர்கள். வோல்டரன் ஊசி, பொன்ஸ்தான் மாத்திரை. அந்த ரகம் எல்லாமே சிறுநீரகத்துக்கு ஆகாது. தொண்டை வலி என்று போவீர்கள். எரித்ரோமைசின் அல்லது கிளாரித்ரோமைசின். இரண்டும் டாக்ரோலிமஸை ரத்தத்தில் பல மடங்கு ஏற்றிவிடும். அந்த டாக்டர் மேல் குற்றமில்லை, நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்? மருந்துப் பட்டியலைப் போட்டோ எடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள், வாயைத் திறந்து “எனக்குக் கிட்னி மாற்றியிருக்கிறது” என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். மேனேஜரிடம் மறைக்கலாம், பேனல் டாக்டரிடம் மறைக்கக் கூடாது. காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் பேனல் கிளினிக்கே வேண்டாம், நேராக உங்கள் மருத்துவமனைதான்.

அம்மாவின் பயத்தைக் கேலியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த நாட்டில் முதல் சிறுநீரக மாற்று 1975இல் கோலாலம்பூர் பெரியாஸ்பத்திரியில் நடந்தது. அப்போது கையில் இருந்தவை அதிக அளவு ஸ்டீராய்டும் அசாதயோப்ரினும்தான். சைக்ளோஸ்போரின் 1980களில் வந்தது, டாக்ரோலிமஸ் 1990களில். அந்தக் காலத்து நோயாளி பட்ட பாட்டைக் கேட்டவர்கள் வாசல் தாண்டாதே என்றுதான் சொல்வார்கள். முதல் மூன்று மாதம் அவர் சொன்னது சரியும்கூட. அந்தக் கட்டத்தை நீங்கள் தாண்டிவிட்டீர்கள். உட்கார்ந்து வேலை செய்பவர்கள் இரண்டு மூன்று மாதத்தில் திரும்பிவிடுகிறார்கள், உடலுழைப்புக்காரர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகும்.

அம்மா பந்து விளையாட்டுப் பார்ப்பவர் என்றால் இவான் கிளாஸ்னிச் கதையைச் சொல்லுங்கள். குரோஷியா நாட்டு ஆட்டக்காரர். 2007இல் அவருக்குத் தாயின் சிறுநீரகம் பொருத்தப்பட்டது, ஒட்டவில்லை. பிறகு தந்தையினுடையது ஒட்டியது. மறு ஆண்டு யூரோ 2008இல் போலந்துக்கு எதிராக கோல் அடித்தார். கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும், பின்னாளில் அந்தச் சிறுநீரகமும் ஓய்ந்து அவருக்கு மறுபடி மாற்ற வேண்டி வந்தது. மாற்றுச் சிறுநீரகத்துக்கு ஆயுள் உத்தரவாதம் கிடையாது. அது நன்றாக ஓடும் வருடங்களை வீட்டுக்குள் கழிக்க வேண்டுமா என்பதுதான் அம்மாவிடம் பேச வேண்டியது. உங்கள் பக்கம் இன்னொரு நல்ல அறிகுறியும் இருக்கிறது. மாற்று அறுவைக்குப் பின் யார் வேலைக்குத் திரும்புகிறார்கள் என்று பல நாடுகளில் பார்த்ததில், அறுவைக்கு முன்பும் வேலையை விடாதவர்களே முன்னால் நிற்கிறார்கள். வாரம் மூன்று நாள் ஊசி குத்திக்கொண்டு நான்கு மணி நேரம் படுத்துவிட்டு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர் நீங்கள். எச்.ஆர். அதிகாரிக்கும் அதை நினைவூட்டுங்கள்.

வேறு கம்பெனிக்குப் போவதானால், நேர்முகத்தில் நீங்களாக ஆபரேஷன் கதையை அவிழ்க்க வேண்டியதில்லை. நடுவில் விட்ட மாதங்களைக் கேட்டால் “மருத்துவ விடுப்பு, இப்போது வேலைக்குத் தகுதி என்று டாக்டர் சான்று இருக்கிறது” என்பது போதும். ஆனால் உடல்நலப் படிவத்தில் கேள்வியாகவே கேட்டிருந்தால் பொய் எழுதக் கூடாது. பிறகு தெரியவந்தால் அதுவே நீக்கக் காரணமாகிவிடும், அப்போது எந்தத் துறையும் உங்களுக்கு உதவ முடியாது. லோரி ஓட்டும் வேலைக்குப் போனால் ஜிடிஎல் லைசென்ஸுக்கு மருத்துவப் பரிசோதனை உண்டு, அங்கேயும் மறைக்க முடியாது. ஊனமுற்றோர் அட்டை எடுத்தால் சலுகை கிடைக்குமா என்று சிலர் கேட்கிறார்கள். ஓக்கேயூ அட்டையின் ஏழு பிரிவுகளில் சிறுநீரகச் செயலிழப்பு என்று ஒன்று இல்லை. மருந்தைப் பற்றிக் கவலை வேண்டாம். அமெரிக்காவில் 2023 பிறக்கும்வரை, 65 வயதாகாத ஒருவருக்கு மாற்று அறுவையான 36 மாதத்தில் அரசாங்கக் காப்புறுதியான மெடிகேர் மருந்துச் செலவைக் கைவிட்டுவிடும். வேலை போனால் காப்புறுதி போகும், காப்புறுதி போனால் மருந்து போகும் என்ற நிலை. இங்கே அரசாங்க மருத்துவமனையில் சில வெள்ளி கட்டணத்தில் மருந்து வாங்குகிறீர்கள், கம்பெனி மாறினாலும் அது தொடரும்.

அக்காவைப் பற்றி உறுத்தல் வேண்டாம். துவாரம் போட்டுச் செய்த ஆபரேஷன் என்றால் கொடுத்தவர்கள் நாலு முதல் ஆறு வாரத்தில் வேலைக்குத் திரும்புவது வழக்கம்தான். நின்றுகொண்டிருப்பதால் மீதிச் சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகாது. தையல் ஆறும்வரை சேலை மூட்டைகளை மேல்தட்டிலிருந்து இறக்குவதைத்தான் தவிர்த்திருக்க வேண்டும், அந்தக் காலமும் இப்போது தாண்டிவிட்டது. அவர் மறக்கக் கூடாதது வருடாந்தரப் பரிசோதனை: ரத்த அழுத்தம், கிரியேட்டினின், சிறுநீரில் புரதம். உங்கள் கிளினிக் தேதிகளை நினைவு வைத்திருக்கும் குடும்பம், கொடுத்தவரின் தேதியை இரண்டாம் வருடமே மறந்துவிடுவதை நான் நிறையப் பார்க்கிறேன். நீங்களே அவரை அழைத்துப் போங்கள். வலிக்குப் பொன்ஸ்தான் வாங்கிப் போடும் பழக்கம் அவருக்கு இருந்தால் அவரும் விட வேண்டும்.

காவடிக்கு வருவோம். அலகு குத்துவது கூடாது, இந்த வருடமும் கூடாது, எந்த வருடமும் கூடாது. நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து சாப்பிடும் உடம்பில் வேண்டுமென்றே துளை போடக் கூடாது. தோளில் பாரமான காவடியும் இப்போதைக்கு வேண்டாம். தைப்பூச நெரிசலைத் தவிர்த்து, கூட்டமில்லாத ஒரு நாளில், டாக்டரைக் கேட்டுவிட்டு, ஒரு சிறிய பால்குடத்தோடு அந்த 272 படியையும் நிதானமாக ஏறுங்கள். பால்குடத்தைத் தலையில் வையுங்கள், வயிற்றோடு அணைக்காதீர்கள். மாத்திரை நேரத்துக்குள் கீழே இறங்கிவிடுங்கள். வேண்டுதலை மாற்றலாமா என்று அம்மா கேட்டால், அதற்கு நான் டாக்டர் இல்லை, கோயில் குருக்களைக் கேட்கச் சொல்லுங்கள்.